இடது கால் கோல் யாருடையது

கூலாயில் நான் வாடகைக்கு இருந்த அறை ஓய்வு பெற்ற ஒரு லாரி ஓட்டுநருடையது. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அதற்கு முன் நான் மெர்சிங்கில் மீன் படகில் வேலை செய்தேன். அதற்கும் முன் சிங்கப்பூரில் கட்டடம் கழுவினேன். படிப்பு இரண்டாம் படிவத்தோடு நின்றது. சிங்கப்பூர் வேலைக்கு அழைத்துப்போன ஓர் ஏஜெண்டு என் கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். காய்ச்சலில் கிடந்த என்னைப் படகு முதலாளி ஒருவர் படகு நிற்கும் ஜெட்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார். அதனால் யார் எதைச் சொன்னாலும், இதைச் சொல்வதால் இவருக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் என் புத்தி முதலில் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரோடு நானும் பசியாறப் போவேன். கடையில் ஒரு மேசை முழுக்க அவருடைய பழைய தோட்டத்து ஆட்கள். லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. அவர்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் போய், பால்மரம் போய், இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனை மட்டும் நிற்கிறது. ஆட்கள் மட்டும் வாரந்தவறாமல் இந்த மேசையில் கூடிவிடுவார்கள். சுவரில் டிவி ஓடும். முந்தின இரவு ஐரோப்பாவில் நடந்த காற்பந்து ஆட்டத்தைத் திரும்பக் காட்டுவார்கள். உடனே சண்டை தொடங்கும். டிவியில் ஆடுகிறவன் பெரிய ஆளா, தங்கள் தோட்டத்துப் பழைய ஆட்டக்காரர் பெரிய ஆளா?

அந்தப் பழைய ஆட்டக்காரர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன். போன வருடம்தான் இறந்திருந்தார்.

வாடகைக் கார் ஓட்டும் ஒருவர்தான் அந்த மேசையில் அதிகம் பேசுவார்.

“டிவில ஆடறவனுக்கு என்னாங்க? புல்லு மெத்த மாதிரி இருக்கு. விழுந்தா தூக்கறதுக்கு டாக்டர் ஓடி வரான். நம்ம ஆளு காலையில பால் வெட்டிட்டு வந்து, மழையில ஊறின தோல் பந்த வெறுங்காலால அடிச்சாரு லா!”

“போன வாரம் பூட்ஸுன்னீங்க,” என்றேன்.

“நீ பார்த்தியா?”

“இல்ல. நீங்க?”

“கோலுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கினவன்டா நானு! வலது காலால அடிச்சா வலை கிழியும். எடது காலால அடிச்சா கீப்பருக்குப் பந்தே தெரியாது. டிவில ஆடற இந்தாளுக்கு ஒரு காலுதான. நம்மாளுக்கு ரெண்டும்.”

எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். நானும் பல திடல்களில் பந்து ஆடியவன். இரண்டு காலும் சமமாக இருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. கதைகளைக் கவனித்துக் கேட்டால் இன்னொன்றும் இடித்தது. ஒரு கதையில் அவர் நடுத்திடலில் நின்றபடி நிதானமாகப் பந்தைப் பிரித்துக் கொடுப்பார். இன்னொரு கதையில் பைத்தியம் பிடித்தவர் மாதிரி ஓரத்தில் ஓடுவார். ஒரு வாரம் முழங்கால் வீங்கி நொண்டினார் என்பார்கள். அடுத்த வாரமே மான் மாதிரி ஓடினார் என்பார்கள். ஒரே உடம்பு இதையெல்லாம் செய்யாது.

வீட்டுக்காரர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். வலது கால் கதைகளுக்குத் தலையாட்டுவார். தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் விழுந்த இடது கால் கோலின் கதை வந்தால் மட்டும் எழுந்து கை கழுவப் போய்விடுவார். சாப்பிடாமல் இருக்கும்போதும் போவார். பொறாமை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அண்ணன் அந்தக் கோலை அடிக்கவே இல்லை, இவருக்கு அது தெரியும் என்று தோன்றியது.

பழைய தோட்டத்தார் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடி, பிள்ளைகளுக்குக் காற்பந்துப் போட்டி வைப்பார்கள். அந்த வருடம் அண்ணன் பெயரில் வெள்ளிக் கிண்ணம் கொடுப்பது என்று முடிவானது. அவர்கள் சங்கத்துச் செயலாளர் சேனாய் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். கிண்ணத்தில் என்ன எழுத்து வெட்டப் போகிறோம் என்று மேசையில் சத்தமாகச் சொல்லிக் காட்டினார். அண்ணன் பெயர், அதன் கீழே ‘இறுதி ஆட்டத்தின் இடது கால் கோல் நாயகன்’.

வீட்டுக்காரர் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் போனபோது அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், அந்தக் கோல உங்க அண்ணன் அடிக்கல, சரியா?”

“யாரு சொன்னா?”

“நீங்கதான். அந்தக் கத வந்தா ஓடிப் போறீங்க.”

கத்தியைக் கீழே வைத்தார். “நான் அடிச்சது,” என்றார்.

அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணத்தில் ஆட வேண்டுமென்றால் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும் ஆளாக இருக்க வேண்டும். அண்ணன் தோட்டத்தின் நேரடித் தொழிலாளி. இவர் கொந்தரெக்டரிடம் புல் வெட்டியவர். பெரட்டில் இவர் பெயர் கிடையாது. அண்ணனின் முழங்கால் வீங்கும் வாரங்களில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணனின் சட்டையை இவருக்குப் போட்டு இறக்கிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே முகம். வெளியே தெரிந்தால் கிண்ணம் பறிபோகும் என்று பெரியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிய பிள்ளைகள்தான் இப்போது அந்த மேசையில் உட்கார்ந்து, இரண்டு பேரை ஒரே ஆளாக நினைத்துப் பேசுகிறார்கள்.

“வலது காலு அவரு. எடது காலு நானு.”

“ஏன் இத்தன வருஷமா சொல்லல?”

“அண்ணன் உசுரோட இருக்கறப்ப அவரு முன்னால எப்படிச் சொல்றது?”

“செத்தப்புறம் சொன்னா யாரு நம்புவா?”

“நம்ப மாட்டாங்கதான். ஆனா வாயால சொல்றது வேற. வெள்ளியில வெட்டிட்டா அது எனக்கு அப்புறமும் நிக்கும்லா. நான் ஒரு கோல்தான் சொந்தமா வச்சிருக்கேன்.”

நானும் முழுசாக நம்பவில்லை. இறந்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. கதை அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருந்தது. பொருத்தமான கதைகளால்தான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம். அண்ணனின் மகள் ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்தார். செயலாளர் வாசகத்தைப் படித்து முடித்ததும் வீட்டுக்காரர் எழுந்து, எனக்குச் சொன்னதையே சொன்னார்.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கார் ஓட்டுபவர் எழுந்தார்.

“அலமாக்! அண்ணன் போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள பங்கு கேக்க வந்துட்டீங்களா?”

“பங்கு கேக்கலப்பா. அந்த ஒரு வரி வேணாங்கறேன்.”

“நான் என் கண்ணால பார்த்தேங்க!”

“சட்டையப் பார்த்த. மொகத்தப் பார்த்தியா?”

செயலாளர் சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்கிறாரா என்று நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அப்போது அந்த மகள் பேசினார். வீட்டுக்காரரைத்தான் பார்த்தார், எங்களை அல்ல.

“சித்தப்பா, டிவில யாராச்சும் எடது காலால கோல் போட்டா அப்பா ஒடனே ஒங்களுக்குப் போன் போடுவாரு. ‘பாத்தியாடா, உன் கோலு’ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடுவாரு. நீங்க ரெண்டு பேரும் எதோ பந்தயம் கட்டுறீங்கன்னு நெனச்சேன்.”

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அந்தப் போன் வந்துகொண்டிருந்த விஷயத்தை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் மறைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயலாளர் பேனாவை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார். தம்பி பெயரையும் சேர்க்கலாமே என்று ஒரு பெண்மணி கேட்டார். பெரட்டில் பெயர் இல்லாத ஆளை ஆட விட்டோம் என்று நாமே வெள்ளியில் வெட்டிக் காட்டுவதா என்று செயலாளர் மறுத்துவிட்டார். அந்தத் தோட்டமே இப்போது இல்லை. எதிர்த்து ஆடிய தோட்டமும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. வீட்டுக்காரர் அதற்குச் சண்டை போடவில்லை. வரி போனதே போதும் என்று அண்ணன் மகளோடு சாப்பிடப் போனார்.

மேசையில்தான் பெரிய சங்கடம். அடுத்த வாரம் டிவியைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுபவர் புலம்பினார்.

“போச்சு லா. இப்ப டிவில ஆடற இவன்தான் பெரிய ஆளு. இவனுக்கு ஒரு காலுன்னா நம்மாளுக்கும் ஒரு காலுதான்.”

“அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் சேர்த்துக்குவோமே,” என்றார் இன்னொருவர்.

“ரெண்டு பேரு சேர்ந்து ஒருத்தன ஜெயிக்கறது ஒரு பெருமையா?”

வீட்டுக்காரர் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்: “ஏன், நான் ஒருத்தன் பத்தாதா? அந்தக் கோல நான் பெனால்டி பெட்டிக்கு வெளியேருந்துல்ல அடிச்சேன்.”

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அன்று முதல் அவர்தான் பேசுகிறார். ஒரு மாதம் கழித்து அவர் கதையில் அதே கோல் நடுவட்டத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது.

“அங்கிள், போன மாசம் பெட்டிக்கு வெளியேன்னீங்க,” என்றேன்.

“நீ பார்த்தியா?” என்றார்.