நாலாவது குடும்பம்

ஓடைக்காடு எஸ்டேட் சபைக்கு ஹெர்பர்ட்டை உபதேசியாராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு இருந்த உபதேசியார் வயதாகிச் சொந்த ஊருக்குப் போனபோது, வேதத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இவர் ஒருவர்தான் மிச்சம். சம்பளம் கிடையாது. வாரத்தில் ஆறு நாள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடிப்பார். அவர் மகன் வயதுள்ள சூப்பர்வைசர் "ஏய் ஹெர்பர்ட்டு" என்று கத்துவான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பீடத்தருகே நின்றால், அதே சூப்பர்வைசரின் மாமியார்கூட "உபதேசியாரே" என்று கைகூப்புவாள். அந்த ஒரு நாளை நம்பித்தான் மனிதர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார். கேலிக்காகச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஒரு நாளாவது வாய்க்கிறது?

கீழ் கோத்தகிரியிலிருந்து சரிவில் இறங்கினால் அந்தக் கோயில் தெரியும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் அது உரக் கொட்டகை. துரை பெரிய மனசு பண்ணிக் கிறிஸ்தவத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தார் என்று சபையில் வருஷாவருஷம் நன்றி சொல்வார்கள். கூரை ஒழுகி உரம் கரைந்துகொண்டிருந்தது, அதனால் கொடுத்தார் என்பது என் எண்ணம். உரம்தான் கரையும், மனுஷன் கரையமாட்டானே. அவர்கள் தகரம் போட்டார்கள், சுவரெழுப்பினார்கள், மணி வாங்கிக் கட்டினார்கள். பிறகு சிலோனிலிருந்து ஜனங்கள் தகரப்பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து இறங்கியபோது சபை நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உள்ளே இடமில்லாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பாடினார்கள்.

அதெல்லாம் விலை விழுவதற்கு முன்பு. பச்சைத் தேயிலையின் விலை பாதாளத்துக்குப் போனதும் எஸ்டேட் முதலில் சம்பளத்தைத் தள்ளிப்போட்டது, பிறகு ஃபாக்டரியை வாரத்தில் பாதி நாள் மூடியது, பிறகு எப்போதாவது திறந்தது. ஜனங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்க ஆரம்பித்தார்கள்.

அப்படிப் போகிறவர்களுக்கு அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு, வழிஜெபம் என்று பெயர். புறப்படுமுன் கடைசி ஞாயிறு குடும்பமாகப் பீடத்தின் முன்னே முழங்காலிட வேண்டும். உபதேசியார் குடும்பத் தலைவன் தலையில் கை வைத்து ஜெபித்து, "வழி திறந்திருக்குது, போங்க" என்று சொல்ல வேண்டும். செல்லையா என்பவன் மட்டும் ஞாயிறுவரை பொறுக்காமல் சனிக்கிழமையே சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். குஞ்சப்பனை என்ற இடத்து மலை வளைவில் லாரி கவிழ்ந்து அவனுக்குக் கை முறிந்தது, கட்டிலும் பீரோவும் பள்ளத்தில் கிடந்தன. டிரைவர் குடித்திருந்தான். அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? வழிஜெபம் இல்லாமல் போனான், கவிழ்ந்தான். அதற்குப் பிறகு ஜெபம் இல்லாமல் ஒரு பாத்திரம்கூட அந்த லயத்தை விட்டு வெளியே போனதில்லை.

ஜெபித்து அனுப்பியவர்களோ நன்றாகத்தான் இருந்தார்கள். உபதேசியார் கை வைத்தால் வேலை நிச்சயம் என்று பக்கத்து எஸ்டேட்வரை பேச்சு. ஹெர்பர்ட்டுக்கு அதில் பெருமை இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஜெபம் பலித்த ஒவ்வொரு தடவையும் கோயிலில் ஒரு பெஞ்சு காலியானது. தன் வாயாலேயே தன் சபையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தபோது நாலே குடும்பங்கள் மிஞ்சியிருந்தன.

மாதம் ஒருமுறை அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கக் கோத்தகிரியிலிருந்து வருகிற ஆயர் ஒருநாள் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"ஹெர்பர்ட், நாலு குடும்பத்துக்குக் கீழ போச்சுன்னா மேல இருக்கிற கோத்தகிரி சபையோட சேத்துட வேண்டியதுதான். கோயிலப் பூட்டிச் சாவியக் குடுத்துடுங்க. நான் என்ன பண்றது, எனக்கும் எட்டு கோயில் இருக்குது."

"குறையாதுங்கய்யா" என்றார் ஹெர்பர்ட்.

அடுத்த ஞாயிறே மோசஸ் வந்தார். சிலோன் அட்டனில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர், ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. கூடவே அவர் மனைவி ஞானசுந்தரி. கோயிலைப் பெருக்கி, பீடத்துக்குப் பூ வைக்கிறவள் அவள்தான்.

"உபதேசியாரே, திருப்பூர்ல எனக்கு வாச்மேன் வேலை, இவளுக்கு அதே கம்பெனியில மடிக்கிற வேலை. தங்க ரூமும் தாறாங்களாம். இந்த மாசத்துக்குள்ள வரச் சொல்றாங்க" என்றார் மோசஸ். முகமெல்லாம் சிரிப்பு. "வழிஜெபம் பண்ணி விடுங்க."

மோசஸ்தான் நாலாவது குடும்பம்.

இருவரும் முழங்காலிட்டார்கள். ஹெர்பர்ட் மோசஸின் தலையில் கை வைத்தார். கண்ணை மூடியதும் அவருக்குத் தெரிந்தது கர்த்தர் அல்ல, பூட்டு. பூட்டிய கதவும், வெளியே "ஏய் ஹெர்பர்ட்டு"வாக நிற்கிற தானும். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு சொன்னார்.

"மோசஸு, வழி இன்னும் திறக்கலீங்க. கொஞ்சம் பொறுங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அது இந்துக் கோயில் பூசாரிகளைப் பற்றிய பழமொழி என்று ஹெர்பர்ட் அதுவரை நினைத்திருந்தார்.

மோசஸ் மறுபேச்சுப் பேசவில்லை. செல்லையாவின் லாரி அவர் மனசில் ஓடியிருக்கும். "அப்பிடியா, சரிங்க" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான். அன்று ஞானசுந்தரி மட்டும் கேட்டாள்.

"அண்ணே, மத்தவங்களுக்கெல்லாம் உடனே திறந்துச்சே. எங்களுக்கு மட்டும் என்ன?"

"கர்த்தரோட வேளை நமக்கெப்படித் தெரியும், தங்கச்சி?" என்றார் ஹெர்பர்ட். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார்.

மாசம் முடிந்தது. கம்பெனிக்காரன் வேறு குடும்பத்தை வைத்துக்கொண்டான். கம்பெனிக்கா ஆள் பஞ்சம்? ஃபாக்டரியோ திறக்கவில்லை, வீட்டில் உலை வைக்க அரிசியில்லை. சம்பளம் கொடுக்க வக்கில்லாத எஸ்டேட் முதலாளி நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். மோசஸ் அந்த வேலைக்குக் கூலியாகப் போனார். மழை பெய்து வழுக்கலாயிருந்த சரிவில் ஒரு மரத்துண்டு உருண்டு அவர் கால்மேல் ஏறியது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஹெர்பர்ட் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மோசஸ்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். அந்த ஆறுதலைச் சுமந்துகொண்டு மலையேறிய பஸ்ஸில் ஹெர்பர்ட் அழுதார், பக்கத்துச் சீட்டுக்காரர் வாந்தி வருகிறதா என்று கேட்டார்.

இனி திருப்பூர் என்ற பேச்சே இல்லை. காலில்லாதவரை வாச்மேனாக எவன் வைப்பான், வாச்மேன் வேலை இல்லாமல் ரூம் எவன் கொடுப்பான்? ஞானசுந்தரி மேலே ஒரு படுகரின் காய்கறித் தோட்டத்தில் கேரட் கழுவப் போனாள். மோசஸ் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சபையில் நாலு குடும்பம் அப்படியே இருந்தது.

கட்டையூன்றி நடக்கப் பழகியதும் மோசஸ் கோயிலுக்கு வந்தார். அன்று ஆயரும் வந்திருந்தார். திருவிருந்து முடிந்ததும், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று மோசஸ் கேட்டார், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் திருப்பூர் போக மூணு தரம் கேட்டேன். உபதேசியார் மூணு தரமும் வழி திறக்கலன்னு சொன்னாரு. மனசுக்குள்ள கொஞ்சம் கோவந்தான். ஆனா பாருங்க, இங்கயே இருந்தும் எனக்கு இவ்வளவு வந்துச்சுன்னா, ரோட்டுல போயிருந்தா என்ன வந்திருக்கும்? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. எனக்குக் காலோட போச்சு. உபதேசியார் வாயில கர்த்தர் இருக்கிறாரு."

ஆமென் என்றார்கள். ஆயர் ஹெர்பர்ட்டின் தோளைத் தட்டி, "சபையக் காப்பாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஜீப்பில் ஏறினார். ஹெர்பர்ட் அங்கியைக் கழற்றக் கை வராமல் நின்றார். பீடத்தில் வாடிய பூவை எடுத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரியிடம் போனார்.

"தங்கச்சி, கர்த்தர் ஒண்ணும் சொல்லலை. நானாச் சொன்னதுதான். நீங்களும் போயிட்டா கோயிலப் பூட்டிருவாங்கன்னு…"

"தெரியும்" என்றாள் அவள், பூவைத் தட்டில் போட்டபடியே. "மூணாம் வாரமே தெரியும். உங்க முகத்துல எழுதியிருந்துச்சு."

"அப்புறம் ஏன் போகலை?"

"நான் சொன்னேன். அவரு நம்பல. உங்களைத்தான் நம்பினாரு."

ஹெர்பர்ட் வாசல் பக்கம் திரும்பினார். "இப்பவே மோசஸ்கிட்ட சொல்லிடறேன். மன்னிப்புக் கேக்கறேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "சொல்லக்கூடாது. கர்த்தர்தான் நிறுத்தினாருன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவரு ராத்திரி தூங்குறாரு. அதையும் புடுங்கிட்டு நீங்க நிம்மதியாப் போயிடலாம்னு பாக்குறீங்களா? உள்ளேயே வச்சுக்கிட்டு இருங்க, உபதேசியாரே."

அண்ணே என்ற வார்த்தை போய்விட்டதை அவர் கவனித்தார். அது திரும்பி வராது என்பதும் புரிந்தது. கொல்லாமல் கொன்றாள் என்பது அதுதான்.

வாசலில் மோசஸ் கட்டையோடு காத்திருந்தார். மழை ஈரத்தில் படி வழுக்கியது.

"ஒரு பக்கம் புடிங்க, இறக்கணும்" என்றாள் ஞானசுந்தரி.

மோசஸ் தன் கையை ஹெர்பர்ட்டின் தோளில் போட்டு முழு பாரத்தையும் சாய்த்தார். பயமே இல்லாமல் சாய்ந்தார். ஹெர்பர்ட்தான் அவசரமாக அடுத்த படிக்கு இறங்கப் பார்த்தார்.

"மெதுவா இறங்குங்க உபதேசியாரே" என்றார் மோசஸ், சிரித்துக்கொண்டே. "எங்க போகப் போறோம்?"