இரண்டு விரல் குறைந்த படம்

படம் சின்னது, உள்ளங்கையில் அடங்கும். பின்னால் வந்த படங்களோடு அடுக்கிப் பார்த்தால் இது அடியில் இரண்டு விரல் அகலம் குறைந்திருக்கும். வாய்க்கால் படித்துறையின் கடைசிப் படியில் பச்சைக் கவுன் போட்ட இரண்டு வயதுப் பிள்ளை, நம்மைப் பார்த்தபடி குனிந்து நிற்கிறது. அதற்குப் பின்னால், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்குள், அந்த வருஷத்தின் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை ஒரு காலைத் தூக்கியிருக்கிறது. அந்தக் கால் எதன்மேல் இறங்கப் போகிறது என்பது படத்தில் இல்லை. அந்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

அந்தக் காலை வேளை எனக்கு அப்படியே தெரியும். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது, காய்ந்த தென்னை மட்டையை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு வருவது போல. புழுதி நனைகிற வாசனை வந்தது. சருகுகளில் ஏறிக்கொண்டு எறும்புகள் மிதந்து போயின. பிள்ளை தண்ணீருக்கு மிரண்டு காலைத் தூக்கியது. "பயப்படாதம்மா, அத்தா இருக்கேன்ல" என்றேன். மகளின் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மணப்பெண்ணே முக்காட்டுக்குள்ளிருந்து சிரித்துவிட்டாள்.

"அத்தா, நீங்க அப்ப ஷார்ஜாவுல இருந்தீங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் புழுதி வாசனை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் படியில்தான் நிற்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திருத்துறைப்பூண்டியில் டைல்ஸ் என்று கேட்டால் இன்று என் கடையைத்தான் கை காட்டுவார்கள். இன்ஜினியருக்குப் படித்த பிள்ளைகள் தரைமட்டம் பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று வெறும் கண்ணாலேயே சொல்லிவிடுவேன், ஒரு தடவையும் தப்பியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்பார்கள் சிலர். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் சபர் போனேன். பிழைக்கக் கடல் தாண்டுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சிமெண்ட் மூட்டை தூக்கினேன், டைல்ஸ் ஒட்டுகிறவருக்குக் கையாளாக நின்றேன், நானே ஒட்டக் கற்றேன், கடைசியில் நாற்பது பேரை நிற்க வைத்து வேலை வாங்கினேன். ஒரு நூல் கோணல் இருந்தாலும் என் கண் பிடித்துவிடும். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்து என்னுடையது, பிழை திருத்தம் மகளுடையது.

என் மனைவி திருவிடைமருதூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது படித்தவள். காவிரியைப் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவளுக்கு எங்கள் கடைமடை ஊர் புதினமாக இருந்தது. "ஒங்க ஊர்ல தண்ணி விருந்தாளி மாதிரி வருது மச்சான்" என்றாள் முதல் வருஷம். எங்கள் பெண்கள் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் பிறந்த பிறகு வந்த விடுமுறையில் ஒரு சின்ன கேமரா கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. எங்கள் தெருவின் முதல் மாடி வீட்டை அப்போது கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் எழும்புவதை, சன்ஷேடு ஒட்டுவதை, கான்கிரீட் போடுவதை மாதாமாதம் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவள் அனுப்பினாள். சன்ஷேடு கேட்டால் சன்ஷேடு இருக்கும். ஆனால் அதன் நிழலில் இரண்டு ஆடு படுத்திருக்கும், ஒரு ஆட்டின் மேல் சாய்ந்து மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், வீடு ஓரமாக ஒதுங்கி நிற்கும். மாடிக்குக் கான்கிரீட் போட்டாயிற்றா என்று எழுதினால், போட்ட கான்கிரீட்டில் நெல் காய்கிற படம் வரும். நெல்லுக்குள் குட்டிக் கால்தடம் ஒரு வரிசை போயிருக்கும். அடுக்களை ஜன்னலில் வெயில் விழுந்த எவர்சில்வர் சொம்பு ஒன்று வந்தது. அதை எதற்கு எடுத்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆனால் அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்த குளிர்ச்சி தொண்டையில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் அழகான கையெழுத்து: 'பாப்பா. தண்ணி வந்த நாள். காலை.' அதற்குமேல் ஒரு சொல் இருக்காது. தெருப் பெண்கள் அவளைக் கேமராக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். "கேமராக்காரி, எங்க கோழியையும் ஒரு புடி புடிச்சிட்டுப் போம்மா, சபர்ல இருக்கற மனுசன் பாக்கட்டும்" என்பார்களாம்.

ஷார்ஜாவில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டபின் கட்டில்களில் படங்கள் கைமாறும். அவரவர் வீடு, அவரவர் பிள்ளை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தண்ணீர் வந்த நாள் படத்தைக் கூத்தாநல்லூர் நானா வாங்கிப் பார்த்தார். அறையில் மூத்தவர், அதனால் எல்லாருக்கும் நானா. வாய் சும்மா இருக்காது.

"என்ன தம்பி, மவ கால்மாட்டுல யாரு காதைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது? தோப்புக்கரணமா?"

வாங்கிப் பார்த்தேன். படித்துறைக் கல்லில் கறுப்பாக ஒரு நிழல் கிடந்தது. தலையில் முக்காடு, அதன் முனை காற்றில் பறக்கிறது. கேமராவைக் கண்ணில் வைத்திருந்ததால் இரண்டு முழங்கையும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. சிரிப்பு அடங்குவதற்குள் நானா இன்னொன்று சொன்னார்.

"ஒசரமாத்தான் இருக்காங்க, மாஷா அல்லாஹ்."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் கொதித்துவிட்டது. அந்நியர் முன்னால் முகம் காட்டாத பெண்ணை ஏழு ஆண்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டது போல இருந்தது. மற்றப் படங்களைப் புரட்டினேன். பாதிப் படங்களுக்கு மேல் அவள் நிழலாகக் கிடந்தாள். ஆட்டின் பக்கத்தில், நெல்லின் மேல், செங்கல் அடுக்கில் ஏறி மடங்கி. அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்தேன். டைல்ஸ் அளந்து வெட்டுகிற கை, ஒரு நூல் பிசகவில்லை. எல்லாவற்றிலும் அவளை வெட்டி எடுத்துவிட்டேன். அந்தத் துண்டுகளை என்ன செய்தேன் என்பதே நினைவில்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இனிமேல் நிழல் விழாமல் எடு.'

அதற்குப் பிறகு வந்த படங்களில் நிழல் இல்லை. மகள் பள்ளிக்கூடம் போனாள், பல் விழுந்தது, சைக்கிள் பழகினாள், மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். எல்லாம் மங்கலாக, பால் கலந்தது போன்ற வெளிச்சத்தில். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மூட்டமாகத்தான் வரும். நடவு வயலுக்கு மேல் மேகம், பள்ளிக்கூட வாசலில் மேகம், மகள் சைக்கிளில் போகும் ரஸ்தா முழுக்க மேகம். என் பிள்ளை வளர்ந்த காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் வெயிலே அடிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சூடு பறக்கும் ஷார்ஜா மணலில் நின்றுகொண்டு, என் வீட்டின் மேல் மட்டும் ஒரு மேகம் நகராமல் நிற்பதாகக் கனவுகூடக் கண்டிருக்கிறேன். நல்ல கனவு அது. யாருக்கும் வியர்க்காது.

பதினேழு வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தேன், கடை போட்டேன், உயர்ந்தேன். கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். மூன்று வருஷம் முன்னால் என் மனைவி நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை போனதுதான் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார். இப்போது அவளுக்கு வெளிச்சம் தெரியும், வெளிச்சத்தை மறைப்பது தெரியும். அவ்வளவுதான்.

மாலையில் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவது வழக்கமாயிற்று. அவளே கேட்டது. தான் எடுத்ததை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சாதாரணமாகச் சொல்வேனா? கதையே கட்டுவேன். அவள் திருத்துவாள்.

"அது ஆடு ரெண்டு இல்ல மச்சான், மூணு. ஒண்ணு சுவத்துக்கு அந்தாண்ட. காது மட்டும் தெரியும், நல்லாப் பாருங்க."

பார்த்தால் காது இருக்கும்.

ஒருநாள் மகளின் சைக்கிள் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூட்டமான நாள் என்றேன். அதற்கு முந்தின படமும் மூட்டம் என்றேன். அவள் சிரித்தாள்.

"மூட்டமாத்தான் இருக்கும். மேகம் வர்ற வரைக்கும் காத்துக் கெடப்பேன். வெயில்ல எடுத்தா நெழல் விழுந்துடுமே. நீங்கதானே எழுதுனீங்க. சைக்கிள் அன்னைக்கு அவ சுத்திச் சுத்தி வந்து அழுதுட்டா, போதும்மா, எடும்மான்னு. மேகம் வந்தாத்தானே?"

வெயில் இருந்திருக்கிறது. அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. என் ஒரு வரிக்காக அவள் அதை விலக்கி விலக்கி எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

பேச்சை மாற்றத்தான் தண்ணீர் வந்த நாள் படத்தை உறையிலிருந்து உருவி அவள் கையில் கொடுத்தேன். பிள்ளை தண்ணீருக்கு மிரண்டு காலைத் தூக்குவதைச் சொன்னேன். அவள் விரல் படத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, பக்கவாட்டில், அடியில். அடியில் நின்றுவிட்டது.

"இது ஏன் குட்டையா இருக்கு?"

அவள் பக்கத்துப் படத்தை உருவித் தடவினாள். அடுத்தது. அடுத்தது.

"வெட்டுனீங்களா?"

ஷார்ஜா அறையைச் சொன்னேன், நானாவைச் சொன்னேன், கத்தரிக்கோலைச் சொன்னேன். எவ்வளவு பெரிய ஆட்கள் முன்னாலும் தடுமாறாத நாக்கு எனக்கு. அன்று தடுமாறியது.

"அவ தண்ணிக்கு மிரளல மச்சான்" என்றாள் கடைசியில். "என் நெழலை மிதிக்கக் காலைத் தூக்குனா. அம்மா தலையை மிதிக்கிறேன், மிதிக்கிறேன்னு அப்ப அதான் அவளுக்கு விளையாட்டு. அதைத்தான் எடுத்தேன். ஒங்களுக்கு அனுப்பணும்னுதான் எடுத்தேன்."

மறுநாள் அவள் ஆல்பம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோபமாகவும் பேசவில்லை. சாப்பாடு, மாத்திரை, மகளின் போன் எல்லாம் வழக்கம்போல. அஸருக்குப் பிறகு மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என் வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் சம்பாதித்தவன் நான். அந்த மாலை ஒருமணி நேரம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அந்த வாரம் பயந்தது போல எதற்கும் பயந்ததில்லை.

எட்டாம் நாள் அலமாரியைக் கலைத்தேன். அடித்தட்டில் நான் எப்போதோ கொண்டுவந்த மிட்டாய் டின். அதற்குள், ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்டு, நெகட்டிவ்கள். ஒவ்வொரு ரோலும் கழுவி வந்தபோது அவள் எடுத்து வைத்தது. ஒன்றையும் விடவில்லை.

ஜன்னலில் நின்று ஒரு சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளையெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெளிச்சமாக இருந்தது. நாலைந்து தாண்டியதும் வாய்க்கால் கிடைத்தது. தண்ணீர் கருத்து வந்துகொண்டிருந்தது. பிள்ளை காலைத் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே, நான் இல்லாமல் செய்த இடத்தில், முக்காடும் இரண்டு முழங்கையுமாக அவள். அந்த வழியாகத்தான் ஜன்னல் வெயில் முழுசாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கால் அவள் உச்சந்தலைக்கு மேலே, ஒரு நூல் உயரத்தில் நின்றது.

"என்ன உருட்டுறீங்க?" என்றாள் பின்னாலிருந்து.

"நெகட்டிவ். நீ இருக்க இதுல."

"கறுப்பாவா?"

"இல்ல. இதுல எல்லாம் மாறிக் கெடக்கு. வெயில்தான் கறுப்பா இருக்கு. நீ இருக்கற எடத்துலதான் வெளிச்சம் வருது."

"கதை கட்டாதீங்க."

"அல்லாஹ் மேல ஆணை. கட்டல."

பிறகு, "கால் எங்க இருக்கு?" என்றாள்.

"ஒன் தலைக்கு மேல. இன்னும் வைக்கல."

அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் முகத்தில் என் நிழல் விழுந்திருந்தது. அவளுக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒதுங்கினேன்.

"நகராதீங்க மச்சான்" என்றாள். "ஒங்களை நான் இப்ப அப்படித்தானே பாக்குறேன். நில்லுங்க."

நின்றேன். சுருளைப் பிடித்திருந்த இரண்டு கையும் உயர்ந்தே இருந்தன, முழங்கைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. அவள் மடியில், எட்டு நாளாக ஆல்பத்துக்குத் திரும்பாத அந்தக் குட்டைப் படம் இருந்தது. வெட்டுப்பட்ட ஓரத்தில் அவள் விரல் இருந்தது.