சோலார் மேல் காய்ந்த வேட்டி

சைக்கிள் நிறுத்தும் இடம் காய்ந்து கிடந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். தினமும் நான் வேலைக்கு வரும்போது மொட்டைமாடிக் குழாயிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொட்டி அங்கே குளமாக நிற்கும். மேலே குருசாமி அண்ணாச்சி சோலார் பலகைகளைக் கழுவுகிறார் என்று அர்த்தம். அன்று ஒரு சொட்டுக்கூட இல்லை. உள்ளே பைண்டிங் பிரிவில் மாரியக்கா சொன்னார்: "விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாகளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நம் காலண்டர் பிரஸ்ஸில் இருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டீசல் ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. தினமும் அதற்கு விபூதி பூசிவிட்டுத்தான் டீ குடிப்பார். ஒன்பதாம் வகுப்போடு நின்று இங்கே வந்த நான் யாரிடமும் வாய் திறக்காததால், எனக்குச் 'சைலன்சர்' என்று பேர் வைத்தவரும் அவர்தான். "ஒன்ன மாதிரி ஒண்ணு நம்ம மெசினுக்குக் கெடச்சா, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான் தாயீ" என்பார்.

சோலார் வந்த அன்று ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். "வெயில்ல சும்மா படுத்துக் கெடக்கதுக்கா இம்புட்டுச் செலவு? எம் மச்சினன் இருவது வருசமா இதத்தான செய்யுதான்" என்று இறங்கிவிட்டார்.

ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று முதலாளி பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு உச்சிவெயிலில் மின்சாரம் போனது. கூடவே சோலாரும் நின்றது. லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள் என்று போனில் விளக்கம் வந்தது. அண்ணாச்சி மாடியைப் பார்த்து, "மண்ட வெடிக்கிற வெயிலு. இப்பயும் ஒனக்குக் கரண்டு வேணுமாக்கும்லே?" என்று கேட்டுவிட்டு ஜெனரேட்டரை ஓடவிட்டார். விற்கிற பேச்சு அடங்கியது.

பிறகு ஐப்பசி மழை வந்தது. கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே லட்சுமி படம் போட்ட காலண்டர் அட்டைக் கட்டை வைத்தது நான். அந்த வாரத்தில் அது மூன்றாவது தப்பு. இரண்டாவது தப்பின்போதே, இன்னொன்று நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வெயில் அடித்ததும் நனைந்த லட்சுமி படங்களை யாருக்கும் தெரியாமல் மாடிக்குத் தூக்கிப்போனேன். தீக்குச்சி, வெடிக்குழாய், அப்பளம் என்று வெயில் விழும் இடத்திலெல்லாம் எதையாவது காயப்போடுகிற ஊர் இது. சரிவாகச் சூடேறிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. படங்களைக் குப்புறப் பரப்பினேன்.

கரண்ட் குறைவதை முதலாளி தன் போனில் பார்த்துவிட்டார். தெருவில் நின்று அண்ணாந்து, "மேல என்னமோ வெள்ளையாக் கெடக்கே!" என்று சத்தம் போட்டார். அவருக்கு முன்னால் அண்ணாச்சி மேலே ஓடிவந்தார். அட்டைகளை வாரி என் கையில் திணித்துப் பின்படியில் தள்ளிவிட்டார். முதலாளி வந்து சேர்ந்தபோது பலகை மேல் வேட்டி விரிந்திருந்தது. அண்ணாச்சி டவுசரோடு நின்றார்.

"என்ன குருசாமி இது?"

"டீசல் பட்டுருச்சு மொதலாளி. அலசிக் காயப்போட்டேன்."

"ஈரமே இல்லையே?"

"அதான் மொதலாளி, அம்புட்டு நல்ல சோலாரு."

சோலார் பிடிக்காமல் வேண்டுமென்றே செய்தது என்று முதலாளி முடிவு கட்டினார். இனி தினமும் அதைக் கழுவ வேண்டும் என்பதுதான் தண்டனை. நான் உண்மையைச் சொல்லப் போனேன். "நீ பேசிட்டா வேற பேரு தேடணும். போயி வேலயப் பாரு" என்று அனுப்பிவிட்டார். கழுவக் கழுவ அவருக்கே சோலார் மேல் பாசம் வந்துவிட்டது. எச்சம் போடும் காக்கைகளோடு சண்டை பிடிப்பார். "சும்மாதான் கெடக்கு. ஆனா பொகையும் விடல, சத்தமும் போடல. எம் மச்சினன் அப்பிடியில்ல" என்றார் ஒருநாள்.

துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில் நாம் எல்லோரும் அந்த வேட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். அவர் மனைவியான அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்ல ஒரு துண்டக்கூடக் காயப்போட்டதில்ல அந்த மனுசன். அங்கன மட்டும் வேட்டியத் தொவச்சாகளா? டவுசரோட நின்னாகன்னா, யாரு இருந்தா மாடியில?"

சிரிப்பு நின்றது. முதலாளி தொண்டையைச் செருமினார். அத்தை ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்திருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். அதை எல்லோர் முன்னாலும் உடைக்க எழுந்து நின்றேன்.

"மாடியில இருந்தது நாந்தான் அத்த. கூட லட்சுமி..."

"அது யாருட்டி லட்சுமி?"

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னேன்.