விட்டுப்போன நீலக் கம்பி

"பஸ் வெளிக்கிடப்போகுது, மிச்சத்தை வீட்டிலை செய்யும்" என்று என் கணவர் மூன்றாம் தடவையும் சொன்னபோது ஈயம் வைத்து ஒட்டுவதற்கு நீலக் கம்பி ஒன்றுதான் பாக்கி. ஒட்டாமல் நின்ற அதன் நுனியில் கறுப்பு இன்சுலேசன் நாடாவைச் சுற்றி, கேபிளைப் பைக்குள் போட்டேன். அந்த மனுசனுக்கு எதிலும் அவசரம்.

யுத்தத்தால் தெற்கிலிருந்து வரும் பாதை பூட்டியிருந்த காலம் அது. யாழ்ப்பாணக் கடைகளில் சவர்க்காரத்துக்கே தேடித் திரிந்தோம். கணினிச் சாமானுக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி முன்பு விட்டுப்போன கணினியில், மொனிற்றர் கொழுவும் இடத்தில் புதுமாதிரி அகலமான சொக்கற். நெடுந்தீவில் நான் பிள்ளைகளுக்கு ரைப்பிங் பழக்கிய பழைய மொனிற்றரிலோ பதினைந்து பின்கள் போகும் சின்னச் சொக்கற். இரண்டும் சேராது. ஆனால் புதிய சொக்கற்றின் ஓரத்தில் ஒரு நீளப் பிளவைச் சுற்றி நாலு துளைகள் இருந்தன. பழைய மொனிற்றருக்கு வேண்டிய மூன்று நிறங்களும் அவற்றில்தான் வரும். கலியாணத்துக்கு முன் ரேடியோ திருத்தும் வகுப்பில் படித்தவள் நான். கணினியைப் பட்டணத்து ரேடியோக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோய், அங்கே கிடந்த பழுதான இரண்டு கேபிள்களை வெட்டி, மீற்றர் வைத்துப் பார்த்து, கம்பி கம்பியாக ஈயம் வைத்து ஒட்டினேன்.

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு வள்ளத்துக்குக் கணினியோடு நின்ற வரிசையில், கடற்படைச் சிப்பாய் ஒருவர் பையைத் திறந்தார். அந்த நாட்களில் வயர் என்றால் குண்டு. வேறு அர்த்தம் கிடையாது. நாடா சுற்றிய கேபிளைத் தூக்கிப் பார்த்தவர் என் கணவரை மட்டும் விலத்தி நிற்பாட்டினார். அப்படி நிற்பாட்டப்பட்டு, பிறகு எங்கே என்று தெரியாமல் போனவர்களை எல்லோரும் அறிவோம்.

"அது நான்தான் செய்தனான்" என்றேன். சிப்பாய் சிரித்தார். பொம்பிளை வயர் ஒட்டுவாளா என்ற சிரிப்பு. வேறு நாளென்றால் நல்ல பதில் கொடுத்திருப்பேன்.

காவலறையில் இருந்த அதிகாரி, எங்கள் கணினியைத் தங்கள் மொனிற்றரில் பூட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை பின்கள் பொருந்தவில்லை. படம் வராவிட்டால் இவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திருகாணிகளை இறுக்கினேன்.

படம் வந்தது. வெள்ளையாக இருக்கவேண்டியதெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"ஏன் மஞ்சள்?" என்று அதிகாரி கேட்டார்.

"நீலம் இன்னும் ஒட்டேல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுது."

அவர் கேபிளைக் கழற்றி என்னிடம் தந்தார். பிறகு போகலாம் என்று தலையசைத்துவிட்டு, பேர் எழுதும் கொப்பியை இழுத்தார். அதில் பேர் ஏறினால் ஒருநாள் வீட்டுக்குத் தேடி வருவார்கள். "வயர் வேலை தெரிந்த ஆள். பேர் என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தன் பேரைச் சொல்லிவிட்டார். "இவவுக்கு நான்தான் பழக்கினனான்." குசினி பல்பு மாற்றவும் தெரியாத மனுசன். அதிகாரி உடனே நம்பினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வள்ளத்தில் அவரோடு சண்டை பிடித்தேன். "உங்களுக்கென்ன விசரோ?"

"கத்தாதையும். ஆராவது கேட்டால் நான் சொல்லவேணுமெல்லே. ஒண்டாம் பின் என்ன நிறம்?"

"ஒண்டு சிவப்பு. ரெண்டு பச்சை. மூண்டு நீலம்."

வள்ளம் ஓடிய ஒரு மணித்தியாலமும் சொல்லிக்கொண்டே வந்தார். நிறங்கள் பிடிபட்டன. படம் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கும் பதின்மூன்றும், மேலே கீழே ஓடாமல் பிடிக்கும் பதினாலும்தான் அவருக்கு ஒன்றுக்கொன்று மாறிப்போயின.

நீலக் கம்பியை அன்றைக்கே ஒட்டிவிட்டேன். ஆனால் யுத்தம் முடியும்வரை, வாசல் படலையில் யாராவது கூப்பிட்டால் அவருடைய உதடுகள் அசையத் தொடங்கும். ஒண்டு சிவப்பு, ரெண்டு பச்சை. பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பார். பதின்மூன்று என்னவென்று நான் மெல்லச் சொல்வேன். அதன் பிறகுதான் போய்ப் படலையைத் திறப்பார்.