சுற்றை மூடு

பத்தாவது அறிவியல் செய்முறைத் தேர்வன்று எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: முழு மார்க் வாங்குவது. அரையாண்டில் அறிவியல் ஊத்திக்கொண்டது. இந்த மார்க்கும் வராவிட்டால், மணலி புதுநகரில் அத்தை வேலை பார்க்கும் பாக்கிங் கம்பெனியில் சேர்த்துவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சும்மா சொல்கிற ஆளில்லை. என் சட்டை அளவைக்கூட அத்தையிடம் சொல்லியாயிற்று.

எனக்கு வந்தது மின்சுற்று. பேட்டரி, அம்மீட்டர், ஒயர் எல்லாவற்றையும் படத்தில் பார்த்தபடி மாட்டினேன். கடைசியில் சாவி. பூட்டுச் சாவி இல்லை, ஓட்டையில் செருகுகிற பித்தளைக் கட்டை. எங்கள் டீச்சர் "கீ போடுங்கடி" என்பார், போடுவோம். போட்டேன். முள் எழுந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பார்த்து, வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் பின்னால் வந்து நின்றார். பேச்சில் புத்தகத் தமிழ் கலக்கிறவர்.

"எங்கே, சுற்றை மூடும்மா, ரீடிங் பார்ப்போம்."

பெரியவர் சொல்லும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சாவியைப் பிடுங்கினேன். முள் படுத்தது.

"மூடும்மா."

"மூடிட்டேன் சார்."

அவர் ஒயர்களை ஆட்டிப் பார்த்தார். அம்மீட்டரைத் தட்டினார். ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டுப் பேட்டரியை மாற்றச் சொன்னார். மறுபடியும் "மூடு" என்றார். மூடித்தான் இருக்கிறது என்று சாவியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அடுத்த மேசைக்காரி என்னைப் பார்த்துத் தன் சாவியையும் பிடுங்கினாள். அவள் முள்ளும் படுத்தது.

"இது திறந்த சுற்றும்மா!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கம்பெனிச் சட்டை கண்ணெதிரே தொங்கியது. "இன்னா சார் பேஜார் பண்றீங்கோ? கொயாவ தொறந்தா தண்ணி வரும், மூடுனா நிக்கும். நீங்க மூடுனா ஓடும்னு சொல்லிகினு கீறீங்கோ!"

அவர் சற்று நேரம் என் கையிலிருந்த சாவியையே பார்த்தார். பிறகு ஒயர் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்து, சாவி இருந்த ஓட்டையில் நிறுத்தினார்.

"இந்த இடைவெளியைத் தாண்டி கரண்ட் போகாது. இதை அடைக்கிறதுக்குப் பேர்தான் மூடுறது. அடை பார்க்கலாம்."

அடைத்தேன். முள் எழுந்தது. அட, இவ்வளவுதானா!

"இதை முன்னாடியே வகுப்பில கேட்டிருக்கலாமே?"

"கேட்டா 'மூடு'ன்னுவாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. என் தாளை இழுத்து முழு மார்க் போட்டார். அடுத்த மேசைக்குப் போய், "உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.