கோழிகளுக்குக் கட்டிய பரிவட்டம்

என் தங்கை செல்லியம்மாளைக் கட்டியிருக்கும் பொன்னுரங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆளுக்கு மரியாதை என்றால் உயிர். அதனால் ‘அவர்’ என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். அக்காக்காரி எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

நைனார்பாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அவர் தும்முவதிலிருந்து குறட்டை விடுவதுவரை எனக்கு மனப்பாடம். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற நிலம் இருக்கிறது. சேற்றில் இறங்குவது என் தங்கை. வரப்பில் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசுவது அவர். காலையில் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். அங்கே ஊர் நியாயம் முழுவதையும் வெட்டி முறித்துவிட்டுச் சோற்று நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் திரும்பி வந்து வீட்டில் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். செல்லியம்மாள் அந்த நேரத்துக்கு உலை வைக்க வேண்டும். அப்படியொரு ஜென்மம்.

எங்கள் ஊர் எல்லையில் முனியப்பன் கோயில் இருக்கிறது. ஆடியில் திருவிழா. அன்றைக்குப் பூசாரி யார் தலையில் முதலில் பரிவட்டத் துணியைக் கட்டுகிறாரோ அவருக்குத்தான் முதல் மரியாதை. அது தன் வகையறாவுக்கு என்று பொன்னுரங்கம் சொல்வார். இல்லை, எங்களுக்கு என்று அவருடைய பங்காளி வெற்றிவேல் சொல்வார். ஒரு வருடம் துணி வெற்றிவேலின் தலையில் ஏறியது. இவர் அதைப் பிடித்து இழுத்தார். அவர் இவருடைய சட்டையைப் பிடித்தார். பொங்கல் பானை உருண்டது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இரண்டு பேரும் சாமிக்கு முன்னால் மண்ணில் புரண்டார்கள். அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டினார்கள். இரண்டு பேரும் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டால் திறப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர்களா போடுவார்கள்? மூன்று ஆடி போய்விட்டது. முனியப்பன் உள்ளேயே கிடக்கிறார்.

கோயில் பூட்டிய அதே வருடம் மழைக்காலத்தில் செல்லியம்மாளின் ஒரே மகன் செழியனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பையன் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அவன் பிழைத்து எழுந்தால் முனியப்பனுக்கு ஒரு சேவல் கொடுப்பதாகச் செல்லியம்மாள் வேண்டிக்கொண்டாள். அடுத்த ஆடிக்குள் கோயில் திறந்துவிடும் என்று நம்பினாள், பாவம். பையன் எழுந்துவிட்டான். இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். சேவல் மட்டும் வீட்டிலேயே இருந்தது.

நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, கூண்டில் அடைத்தும் போடக் கூடாது. திருவிழாவில் அறுத்தால்தான் வேண்டுதல் தீரும். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆகவே அந்தச் சேவல் தின்று கொழுத்து, போகிற வருகிறவர்களையெல்லாம் கொத்திக்கொண்டு திரிந்தது. யாரும் தட்டிக் கேட்க முடியாத ஆம்பளை ஒருவர் ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தார். இப்போது இரண்டு பேர் ஆனார்கள்.

அவதிப்பட்டவை கோழிகள். சேவல் ஏறும்போது கழுத்து இறகை அலகால் கவ்விக்கொண்டு, முதுகை நகத்தால் பற்றிக்கொள்ளும். நாலைந்து கோழிகள்மேல் அவ்வளவு பெரிய சேவல் ஒன்று ஓயாமல் ஏறினால் என்ன ஆகும்? முதுகு முழுக்க இறகு உதிர்ந்து, தோல் சிவந்து, வெயிலில் வெந்து போயிற்று. ரத்தத்தைப் பார்த்துக் காக்கை கொத்த வந்தது. அந்தக் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் செல்லியம்மாள். அந்த வீட்டில் இது என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள அவற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

சேவலைக் கட்டிப் போடலாம் என்று நான் சொன்னேன். அவளுக்குக் கை வரவில்லை. சாமியின் சேவலுக்கு ஏதாவது செய்துவிட்டால் அது செழியன் தலையில் விடியும் என்ற பயம். ஓசூரிலிருந்து பையன் போனில் லேசாக இருமினாலே இங்கே இவள் முனியப்பன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். அதனால் புருஷனிடம் போய்க் கெஞ்சினாள். கையெழுத்துப் போடுங்கள், கோயில் திறக்கட்டும், என் வேண்டுதல் தீரட்டும் என்றாள்.

“என் தல மேல துணி ஏறட்டும், மறுநாளே கோயில் தொறக்கும்,” என்றார் பொன்னுரங்கம். “கோழி முதுவுக்காவ நான் எறங்கிப் போவணுமா?”

மகன் பெயரை அவள் எடுத்ததே அவர் காதில் விழவில்லை. கோழி என்பது மட்டும் விழுந்தது.

பிறகுதான் அவள் சட்டை தைக்க ஆரம்பித்தாள். எங்கோ வெளிநாட்டில் கோழிகளுக்கு முதுகை மூடித் துணி மாட்டிவிடுகிறார்கள் என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாளாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிற ஒரு கோயிலுக்காகக் கோழிகளுக்குச் சட்டை தைக்கிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

விசேஷங்களில் தாம்பூலத்தோடு கொடுக்கிற ரவிக்கைத் துணிகள் எல்லார் வீட்டு பீரோவிலும் மடிப்புக் கலையாமல் கிடக்குமே, அதில் ஒரு சிவப்பை எடுத்து முதலில் தைத்தாள். பாவாடை நாடா வைத்து வயிற்றுக்கு அடியில் கட்டினாள். மாட்டியதும் கோழி பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டு கொத்திப் பிய்த்தன. சேவல் நகத்துக்கு அந்த மெல்லிசுத் துணி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அவள் விடவில்லை. நாடாவை எடுத்துவிட்டு, இறக்கை நுழைகிற மாதிரி இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வளையம் வைத்தாள். இறக்கை தாராளமாக அடித்துக்கொள்ள இடம் விட்டாள். கழுத்துப் பக்கம் அகலம், வால் பக்கம் குறுகல். உள்ளே மெத்தென்று பழைய வேட்டித் துணி, மேலே கிழிந்த குடையின் கறுப்புத் துணி. குடைத்துணியில் நகம் பற்றவில்லை, வழுக்கியது. மழையில் நனைந்து ஊறவும் இல்லை. பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாய் மடியில் வைத்து மாட்டிவிடுவாள். அடிக்கடி கழற்றி, அடியில் பேன் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, துணியைத் துவைத்து வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டுவாள். கொஞ்ச நாளில் புண் ஆறியது. முதுகில் ஊசி ஊசியாகப் புது இறகு முளைத்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவற்றில் செம்மண் நிறத்தில் ஒரு செவலைக் கோழி. அது கறுப்புச் சட்டையோடு தெருவில் மேய்வதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது.

ஊர்வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் எல்லாரும் கேட்க வெற்றிவேல் சொன்னார்: “பொன்னுரங்கம் வூட்டுக் கோழிங்களுக்குக்கூட பரிவட்டம் கட்டியாச்சிப்பா. ஆளுக்குத்தான் இன்னும் கட்டல.”

கடையே சிரித்தது. வெற்றிவேல் மட்டும் என்ன வாழ்கிறார்? அவர் தலையும் மூன்று வருடமாக மொட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொன்னுரங்கத்துக்கு மானம் கப்பலேறிவிட்டது. கையில் இருந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தார். செல்லியம்மாள் மரவள்ளிக் கொல்லையில் இருந்தாள். அவர் கத்திரிக்கோலை எடுத்தார். கோழிகளைத் துரத்தித் துரத்திப் பிடித்து எலாஸ்டிக்கையெல்லாம் வெட்டினார். வெள்ளை வேட்டியில் கோழி எச்சத்தோடு, மூச்சு வாங்க, ஒவ்வொரு சட்டையாகக் கொண்டுபோய் அடுப்பில் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்தினேன். பொம்பளைகளோடு பேசுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். வாழ்நாளில் அந்த ஆள் வியர்க்க வியர்க்க முழுதாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.

அவள் வந்து பார்ப்பதற்குள் சேவல் தன் வேலையைக் காட்டிவிட்டது. புது இறகு முளைக்கிற இடத்தில் நகம் பட்டால் ரத்தம் நிற்காது. செவலைக்கு முதுகிலிருந்து விலாவரை தோல் கிழிந்து தொங்கியது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டாள். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. கூடைக்குள் வைத்துக்கொண்டு புழுவைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். அது கண்ணை மூடி மூடித் திறந்தது. பிறகு திறக்கவில்லை. ஒரு கோழிக்கு இவ்வளவு ஒப்பாரியா, பண்ணைக் கோழி ஒன்று வாங்கிக்கொள் என்றார் புருஷன்.

செவலை செத்த அன்று சாயந்தரமே செழியன் போன் செய்தான். காய்ச்சல் அடிக்கிறது, வேலைக்குப் போகவில்லை என்றான். செல்லியம்மாள் போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. எங்கள் பக்கம் மரவள்ளி பிடுங்கக் கல்வராயன் மலையிலிருந்து பெண்கள் வருவார்கள். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் மரத்தடியில் ஒரு முனியப்பன் இருப்பதாகவும், அவருக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை என்றும் அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்களாம். காலையில் என்னோடு வா என்றாள்.

சேவலைக் கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி போய், வெள்ளிமலை பஸ் ஏறினோம். அந்தச் சேவல் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரையும் கொத்தப் பார்த்தது. வடக்கனந்தல் தாண்டி, அணை தாண்டி, பஸ் மலையில் வளைந்து ஏற ஏற, செல்லியம்மாள் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் ஊர் சாமிக்கு நேர்ந்ததை வேறு சாமியிடம் கொடுத்தால் செல்லுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கொடுத்துப் பார்ப்போம் என்றேன்.

மரத்தடியில் கல்லும் சூலமும் இருந்தன. பூசை செய்கிற பெரியவர் பக்கத்துக் கொல்லையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எந்த ஊர், எந்த வகையறா என்றெல்லாம் கேட்கவில்லை. யார் பெயருக்கு என்று மட்டும் கேட்டார். எங்கள் கதையைச் சொன்னோம். சாமியைப் போய் யாராவது பூட்டி வைப்பார்களா என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

சேவலுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஊரையே விரட்டிய சேவல் இங்கே மரக்கட்டை மாதிரி நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. மறுபடியும் தெளித்தார். சாமி வேண்டாம் என்கிறது, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று செல்லியம்மாள் நினைப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் அந்தக் கல்லுக்கு முன்னால் மண்டி போட்டாள்.

“எம் புள்ளைக்காவ வேண்டிக்கினது சாமி. கோயிலப் பூட்ட வெச்சது எம் புருசன். அந்த ஆளு செஞ்சதுக்கு எம் புள்ள தலையில கைய வெக்காத. நான் மூணு வருசமா குடுக்கத்தான் காத்துக்கினு இருந்தன்.”

பெரியவர் இன்னும் ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்தார். சேவல் கழுத்திலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. செல்லியம்மாள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் செழியனுக்குப் போன் போட்டாள். ஊசி போட்டுக்கொண்டு வந்து கஞ்சி குடித்ததாகச் சொன்னான். அது போதும் அவளுக்கு. பெரியவருக்கு ஒரு பங்கு கொடுத்தது போக மீதிக் கறியை வீட்டில் குழம்பு வைத்தாள். நானும் கூட இருந்தேன்.

பொன்னுரங்கம் வந்து உட்கார்ந்தார். சேவல் எங்கே என்று கேட்டார். மலையில் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். கத்துவார் என்று நான் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. தட்டைப் பார்த்தார், கறியைப் பார்த்தார், பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பையனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று பார்த்தேன். தொடைக்கறியைக் கடித்துக்கொண்டே அவர் கேட்டது இதுதான்: “அங்க மொதல் மரியாத யாருக்குக் குடுத்தாங்க?”

செல்லியம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “சேவலுக்குத்தாங்க. மால, மஞ்சத்தண்ணி எல்லாம் மொதல்ல அதுக்குத்தான். அப்புறம் கழுத்த அறுத்தாங்க.”

அவர் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.