முகவரி தந்த ஃபங்ஷன்

1. மூன்றாவது போன்

காலை பதினொரு மணிக்குச் சுரேந்திரன் மூன்றாவது முறையாகப் போன் செய்தார்.

"அக்கா, உங்க டிபக்கர் திரும்பவும் விழுந்துடுச்சு. பம்பு நின்ன அதே நேரத்துல. நான் எதையும் தொடலைக்கா."

சுரேந்திரன் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னிஷியன். நாற்பது வயதிருக்கும். நோயாளியின் நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றும் பம்பு அங்கே தயாராகிறது. புது மாடல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரணமே தெரியாமல் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் காரணம் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் எங்கள் டிபக்கரை வாங்கினார்கள். ஓடுகிற புரோகிராமுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. ஆனால் பம்பு நிற்கும் நேரம் பார்த்து அதுவும் விழுந்தது.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன கம்பெனியில் C மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடமாக அதே டிபக்கர். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து உட்காரும்போதே பாதி நாள் முடிந்த மாதிரி இருக்கும். அவர் பேசியதை நான் சரியாகக்கூடக் கேட்கவில்லை.

"கேபிள பார்த்தீங்களா?" என்றேன்.

"மூணு கேபிள் மாத்தியாச்சுக்கா. போன வாரம் எங்க மேனேஜருக்கு நீங்க ஒரு இமெயில் போட்டீங்கல்ல? அத பிரிண்ட் எடுத்து என் முன்னால வச்சாங்க. வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னொன்னு வந்தா வேலை போயிடும்."

அந்த இமெயில் எனக்கு ஞாபகம் இருந்தது. "பெரும்பாலும் அங்கே கையாளுவதில் உள்ள தவறாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். எதையும் பார்க்காமல் எழுதியது. வந்த இமெயிலுக்குப் பதில் போட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"டிபக்கர் விழுந்தப்போ ஒரு கிராஷ் ஃபைல் வந்திருக்கும். அத அனுப்புங்க," என்றேன்.

"அத முதல் தடவையே அனுப்பிட்டேன்கா."

2. என் ஃபங்ஷன்

அந்த ஃபைலை அப்போதுதான் திறந்தேன். தவறு get_thread என்ற ஃபங்ஷனில், அதாவது டிபக்கரின் ஒரு சின்னப் பகுதியில், இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானே எழுதியது.

பம்பின் புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஒவ்வொரு த்ரெட்டைப் பற்றிய விவரத்தையும் எங்கள் டிபக்கர் மெமரியில் ஒரு ஆப்ஜெக்டாக வைத்திருக்கும். த்ரெட்டின் எண்ணைக் கொடுத்தால் get_thread அந்த ஆப்ஜெக்ட் இருக்கும் முகவரியை, அதாவது பாய்ன்டரை, தரும். கேட்ட பகுதி அந்த முகவரியை வைத்து விவரத்தைப் படிக்கும். படித்துக்கொண்டிருக்கும்போதே த்ரெட் முடிந்துவிட்டால் டிபக்கரின் இன்னொரு பகுதி ஆப்ஜெக்டை அழித்துவிடும். முகவரி மட்டும் கையில் இருக்கும். அங்கே இப்போது வேறு ஏதோ இருக்கும். அதைப் படித்தால் டிபக்கர் விழும்.

ஃபங்ஷனுக்கு மேலே குறிப்பாக ஒரு கமெண்ட் இருந்தது: 'இந்த பாய்ன்டரை அதிக நேரம் வைத்துக்கொள்ள வேண்டாம்.' அதிக நேரம் என்றால் எவ்வளவு என்று எழுதவில்லை. அதே இடத்தில் முன்பு மூன்று கிராஷ் வந்து, மூன்று முறையும் நான் ஒரு if நிபந்தனை போட்டு மூடியிருக்கிறேன். முகவரி காலியா என்று பார்க்கும் if. அழிந்த ஆப்ஜெக்டின் முகவரி காலியாக இருக்காது. அது தெரிந்தேதான் போட்டேன்.

எங்கள் பாஸ் ஜெயராஜிடம் சொன்னேன்.

"இன்னொரு if போட்டு அனுப்பிடுங்க லா, புவனா."

"ஏற்கெனவே மூணு போட்டிருக்கேன் பாஸ். அத கூப்பிடுற முறையையே, இன்டர்ஃபேஸையே மாத்தணும்."

"மாத்தினா எத்தனை இடம் உடையும்?"

"இருநூறு இருக்கும். கஸ்டமருங்க நம்ம டிபக்கரோட சேர்த்து ஓட்ட எழுதின பிளக்-இன்னும் உடையும்."

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ஆறு வாரம். கூட ஆள் தரமுடியாது," என்றார்.

3. இருநூற்றுப் பதினான்கு

புது ஃபங்ஷன் முகவரியைத் தராது. கேட்பவர் த்ரெட்டின் எண்ணோடு, விவரத்தை எழுதிக்கொள்ளத் தன்னுடைய இடத்தையும் கொடுக்க வேண்டும். ஆப்ஜெக்டை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, ஃபங்ஷன் அந்த இடத்தில் நகல் எடுத்துக் கொடுக்கும். த்ரெட் இல்லையென்றால் இல்லை என்று திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலைப் பார்க்காமல் விட்டால் கம்பைல் ஆகாது என்றும் ஏற்பாடு செய்தேன். பழைய பெயரை அடியோடு எடுத்தேன்.

கம்பைல் செய்தால், பழைய பெயர் இருந்த இடமெல்லாம், இருநூற்றுப் பதினான்கு எரர்.

டைப் செய்வதில் கஷ்டம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: த்ரெட் இல்லையென்றால் என்ன செய்வது? முக்கால்வாசி இடத்தில் என்னிடம் பதில் இல்லை. எல்லாம் எப்போதும் இருக்கும் என்று நினைத்து எழுதிய கோட். ஒரு நாளைக்குப் பத்து இடம் முடிப்பேன், மறுநாள் அதில் நான்கைப் பிரித்துத் திரும்ப எழுதுவேன். மதியம் கீழே இறங்கிச் சாப்பிடவும் அலுப்பாக இருந்தது. யாராவது தாப்பாவ் பொட்டலம் வாங்கி வந்தால் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தே சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் ஓர் இடத்தில் பதிலைப் பார்க்காமல் தாண்டிப் போக எழுதினேன். கம்பைலர் விடவில்லை. அந்த வழியை அடைத்ததே நான்தான். என்மீதே எரிச்சல் வந்தது.

பிளக்-இன் எழுதிய கஸ்டமர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து திட்டினார்கள். நியாயமான திட்டு.

4. ஸ்ரீ கெம்பாங்கான்

ஆறு வாரம் எட்டானது. புது டிபக்கரை நானே கொண்டுபோய்ப் போட்டேன். நான்காம் நாள், நான் அங்கே இருந்தபோதே, பம்பு நின்றது. டிபக்கர் நிற்கவில்லை. பேட்டரியைக் கவனிக்கும் த்ரெட் ஒரு தவறான ரீடிங் வந்ததும் தானே முடிந்துபோயிருந்தது. மற்றவை எல்லாம் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றன. பம்பின் கோளாறு அதுதான்; அந்த த்ரெட் முடிந்த நேரத்தில்தான் பழைய டிபக்கரும் விழுந்திருக்கிறது. சுரேந்திரன் திரையைப் போனில் படமெடுத்தார்.

அவருடைய மேனேஜர் அறைக்குப் போனேன். சீனர், வயதானவர், அதிகம் பேசாதவர். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஸோ, நாட் ஹிம்?" என்றார்.

"நாட் ஹிம். மை கோட். மை இமெயில் ஆல்ஸோ ராங்."

எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்து சுரேந்திரனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா," என்றார். பிறகு, "வீட்ல இன்னும் சொல்லலைக்கா, லெட்டர் வந்தத," என்றார். மறுமாதம் அந்த லெட்டரை ரத்து செய்தார்கள்.

இப்போது C எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரு ஃபங்ஷன் பாய்ன்டரைத் தந்தால் அது எதுவரை உயிரோடு இருக்கும் என்பதைக் கமெண்டில் எழுதி நம்பாதீர்கள். தவறாகப் பயன்படுத்த முடியாதபடி இன்டர்ஃபேஸையே மாற்றுங்கள். இரண்டாவது, கஸ்டமர் பக்கம் தவறு என்று எழுதும் முன் அவர் அனுப்பிய ஃபைலைத் திறந்து பாருங்கள்.

முதலாவதற்கு எனக்கு எட்டு வாரம் ஆனது. சுரேந்திரனின் ஃபைலைப் படிக்க அரை மணி நேரம்.